ஹார்லன் விதவையின் சிரிப்பு

மெக்ஸிகோ நகரம்
1977 பிப்ரவரி 10

அன்புத் தங்கை நியேவெஸுக்கு,

அக்கா ஒப்தூலியா எழுதிக்கொள்வது. கன்னி மரியாள் புண்ணியத்தில் நானும் சுகம், என் தொண்டையும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் புருஷன் சானோ தம்பியின் வயிறு அடங்கியதா? அவர் கண்ணில் மிளகாயைக் காட்டாதே என்று போன தரமே எழுதினேன். நீ எங்கே கேட்கப்போகிறாய்.

புனித பிளாஸ் திருநாளன்று கோயிலில் பாதிரியார் இரண்டு மெழுகுவத்தியைக் குறுக்கே வைத்து என் தொண்டையை ஆசீர்வதித்தார். தொண்டைக்குக் காவல் அந்தப் புனிதர்தானே. டப்பிங்குக்குக் குரல் கொடுக்கிறவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றோம். ஆசீர்வாதம் வாங்கின கையோடு நேரே ஸ்டூடியோவுக்குப் போய்க் கதவில் சிவப்பும் கறுப்புமாகக் கொடியைக் கட்டிவிட்டோம். ஆமாம், வேலைநிறுத்தம்.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. படம் முடிந்ததும் திரையில் எங்கள் பெயரைப் போடு. தையல்காரன் பெயர் வருகிறது, நாயைப் பழக்கினவன் பெயர் வருகிறது, எங்கள் பெயர் வரக்கூடாதா? முதலாளி உருத்தியா வாசலுக்கு வந்து சிரிக்கிறார். "குரலுக்கு எதுக்கும்மா பேரு? சந்தையில அவகாடோ மாதிரி கூடை கூடையாக் கெடக்குது குரல்."

நான் விடுவேனா? "அப்ப அவகாடோவையே பேச வைங்க முதலாளி, விதை தொண்டையில மாட்டாம பாத்துக்குங்க"ன்னு சொன்னேன். வாசலில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

அமெரிக்கத் தொடரில் பதினொரு வருஷமாக அந்த ஹார்லன் விதவைக்கு நான்தான் பேசுகிறேன். அவள் வாயைத் திறந்தால் இந்த நாட்டுக்குக் கேட்பது என் குரல். ஏற்கெனவே பேசிப் பதிந்த வாரங்கள் தீர்ந்ததும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி. பெட்டி ஊமையாகும். அன்றைக்குத் தெரியும் அவருக்கு.

மழைக்கு ஏங்கும் ஊரில் இருக்கிறாய், நிறையத் தண்ணீர் குடி.

உன் அக்கா
ஒப்தூலியா

*

மான்டெர்ரே
1977 மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை நியேவெஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. முழங்கால் பரவாயில்லை. உன் தொண்டை சுகமென்று கேட்டு மகிழ்ச்சி.

வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்தேன். கறிக்கடையில் எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். "விதவையோட தங்கச்சிதானே நீங்க? அடுத்த வாரம் அந்த வக்கீலுக்கு விஷம் குடுக்குறாளா இல்லையா?" எனக்கு என்ன தெரியும்? நான் தங்கச்சி மட்டும்தானே.

நான் கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறேன் அக்கா. மத்தியானம் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. சானோ ஆறிப்போன பீன்ஸைத் தின்றுவிட்டு முனகுகிறார். "இந்த வயசுல உனக்குப் பாட்டு வேற கேக்குதா?" என்கிறார். கேட்கத்தான் கேட்கிறது.

குழுவுக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

நியேவெஸ்

*

மெக்ஸிகோ நகரம்
1977 மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

சுகமா? நான் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வயிறு எரிகிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. பெட்டி ஊமையாகும் என்று தோன் கசிமீரோ வீட்டில் கூடியிருந்தோம். சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். மணி அடித்தது, பாட்டு வந்தது, விதவை வந்தாள். வாயைத் திறந்தாள். பேசினாள்!

வக்கீல் குரல் வேறு, வேலைக்காரி குரல் வேறு. எங்கேயோ வெளியூரில் வைத்துக் கருங்காலிகளைக் கொண்டு ரகசியமாகப் பதிந்து அனுப்புகிறார் உருத்தியா. மற்றவர்களையாவது ஒரு நொடியில் வேறு ஆள் என்று சொல்லிவிடலாம். விதவை அப்படியில்லை. கசிமீரோவின் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், "ஒப்தூலியா, இது நீதானே?" என்று கேட்கிறாள். பிறகு விதவை சிரித்தாள். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும். கீழே ஆரம்பித்து, மேலே ஏறி, கடைசியில் தொண்டைக்குள் ஒரு விக்கல் போல மாட்டி நிற்கும். தெருப் பிள்ளைகள் வரை செய்து பார்த்துத் தோற்ற சிரிப்பு. அதையும் எடுத்துக்கொண்டாள் திருடி.

ஒரு குறை மட்டும் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் புஸ்ஸென்று மூச்சு இழுக்கிறாள். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் காற்று வருமே, அந்த மாதிரி. புதுசு.

பெயர் போடாத ஊரில் திருடியை எப்படிப் பிடிப்பது என்று கேட்பாய். காதால்தான். சங்கம் ஒரு கமிட்டி போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருகிறோம். முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும். கேட்டுக் கேட்டு, யார் குரல் என்று சொல்ல வேண்டும். பெயர் உறுதியானால் எல்லா ஸ்டூடியோ வாசலிலும் எழுதி ஒட்டுவார்கள். அதன் பிறகு செத்தாலும் அவள் மைக் முன்னால் நிற்க முடியாது.

விதவை யார் என்று என்னைத்தான் கேட்டார்கள். "இன்னும் கேக்கணும்" என்று மட்டும் சொன்னேன். என் கோபத்தை வெளியே யாரிடமும் காட்டவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவளை விடமாட்டேன் நியேவெஸ். புனித பிளாஸே வந்து குறுக்கே நின்றாலும் அவள் தொண்டையை விடமாட்டேன்.

நீயாக இருந்தால் அவளுக்கு என்ன தண்டனை கொடுப்பாய்? யோசித்து எழுது.

அக்கா

*

மான்டெர்ரே
1977 ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். தவக்காலம், புனித வாரம், பாட்டுக் குழு என்று ஒரே ஓட்டம். உன் வயிற்றெரிச்சலுக்குக் கெமோமில் பூவைக் கொதிக்கவைத்துக் குடி.

தண்டனை பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு என்ன தெரியும் அக்கா? அந்தப் பெண் யாரோ எவரோ. அவளுக்கும் ஏதாவது காரணம் இருக்கும். வாழ்நாளில் ஒரு தரம் யாராவது கூப்பிட்டிருப்பார்கள், போயிருப்பாள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பாட்டு வாத்தியாரும் மூச்சுச் சத்தம் கேட்கிறது என்று என்னைத் திட்டுகிறார். அதை எப்படி மறைப்பது? சும்மாதான் கேட்கிறேன். உனக்கு நேரம் இருந்தால் எழுது.

சானோ விசாரித்தார்.

நியேவெஸ்

*

மெக்ஸிகோ நகரம்
1977 ஏப்ரல் 16

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு உடனே பதில் எழுதுகிறேன். நான் சுகம். எரிச்சல் குறைந்திருக்கிறது.

மூச்சு விஷயம் கேட்டிருந்தாய். என் செல்லத் தங்கை கேட்டு நான் சொல்லாமல் இருப்பேனா? ஒரு வரி முடியும்போதே அடுத்த வரிக்கு மூச்சு உள்ளே போயிருக்க வேண்டும். வாயை மூடிவிட்டுத் திறந்தால்தான் சத்தம் வரும், எனவே மூடாதே. பல்லுக்கு நடுவே ஒரு சோளமணி இருப்பது போல வைத்துக்கொள். வயிறு மட்டும் அசையட்டும், தோள் அசையக்கூடாது. இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பதினொரு வருஷமாகக் கூட நிற்கிறவர்களுக்கும் தெரியாது. நீ என் ரத்தம். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

கமிட்டி வேலை நன்றாக நடக்கிறது. வேலைக்காரிக்குப் பேசினவள் ஹெர்லிந்தா என்று நான்தான் கண்டுபிடித்தேன். நாலாம் வகுப்பு டீச்சர் மாதிரி 'ர'வை உருட்டுவாள். பெயரை ஒட்டியாகிவிட்டது. ரொட்டிக்கடையில் அவளைப் பார்த்து, "கருங்காலிக்கு நேத்து ரொட்டிதான் இருக்கு" என்று சொன்னார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு ஒருவரும் உட்காரவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அழுதாள். நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சுகமாக இருந்தது.

அடுத்தது விதவை.

பாட்டு வாத்தியாரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மான்டெர்ரே
1977 மே 1

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. வாத்தியார் இப்போது திட்டுவதில்லை. ஹெர்லிந்தாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவளுக்குப் பிள்ளைகள் உண்டா?

முழங்கால் மறுபடி வலிக்கிறது. அதிகம் எழுத முடியவில்லை.

நியேவெஸ்

*

மெக்ஸிகோ நகரம்
1977 மே 13

அன்புத் தங்கைக்கு,

சுகமா? முழங்காலுக்கு அர்னிகாப் பூவைச் சாராயத்தில் ஊறவைத்துத் தடவு. எரியும், எரியட்டும்.

அன்னையர் தினத்தன்று அம்மாவின் கல்லறைக்கு நான் மட்டும் போய் வந்தேன். வெள்ளை அல்லி வைத்தேன். உன் பெயரைச் சொல்லியும் ஒன்று வைத்தேன். "அம்மா, உன் சின்ன மகள் பாட்டுப் பாடுகிறாளாம்" என்று சொன்னேன்.

ஒரு அதிசயம் கேள். போன வெள்ளிக்கிழமையும் இந்த வெள்ளிக்கிழமையும் விதவைக்கு மூச்சுச் சத்தமே இல்லை. அப்படியே நின்றுவிட்டது. பல்லுக்கு நடுவே சோளமணி வைத்தது போல எத்தனை அழகாகப் பேசுகிறாள் தெரியுமா? தோன் கசிமீரோ அசந்துபோனார். "யாரோ நல்லாப் பழக்கியிருக்காங்கய்யா!" என்றார். நான் தலையாட்டினேன்.

யார் பழக்கியிருப்பார்கள் நியேவெஸ்? உனக்குத் தெரியுமா?

இருபத்தேழாம் தேதி கமிட்டி கூடுகிறது. அன்றைக்கு நான் பெயரைச் சொல்ல வேண்டும். இனிமேலும் கேட்கணும் என்று சொல்ல முடியாது. நீ ரயிலேறி வாயேன். என் பக்கத்திலேயே உட்காரலாம். நல்ல காபி வைத்துத் தருகிறேன், இனிப்பு ரொட்டியும் வாங்கி வைக்கிறேன். நான் பெயரைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளத் தங்கை ஒருத்தி வேண்டாமா?

ஆசையுடன்
அக்கா

*

மான்டெர்ரே
1977 மே 19

ஒப்தூலியா,

போதும். எலியைத் தின்பதற்கு முன் பூனைகூட இவ்வளவு நேரம் விளையாடாது.

நான்தான். முதல் வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? தெரிந்துகொண்டேதானே எனக்கு எழுதினாய், என்ன தண்டனை கொடுக்கலாம் என்று? ஹெர்லிந்தா அழுததை எழுதினாய், அம்மாவின் கல்லறையை எழுதினாய். சரி. இப்போது நான் எழுதுகிறேன், நீ படி.

சிரிப்பைத் திருடினவள் என்றாயே. அது யார் சிரிப்பு? உனக்கு அந்த விதவை வேஷம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சமையலறைக்கு வந்தாய். நான் சமையலுக்குக் கள்ளி மடலில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் வருது, சிரிப்பு மட்டும் வரலடி. நான் சிரிச்சா கோழி கத்துற மாதிரி இருக்கு. நீ சிரி பாப்போம்" என்றாய். சிரித்தேன். "இன்னொரு தரம்" என்றாய். பொழுது சாயும் வரை என்னைச் சிரிக்க வைத்து, நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். அக்கா நம்மோடு விளையாடுகிறாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் போய் அதை மைக்கில் வைத்தாய்.

பதினொரு வருஷம். கறிக்கடையில், பேருந்தில், பல் டாக்டர் வீட்டில், எங்கே போனாலும் பெட்டிக்குள்ளே நான் சிரிக்கிறேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் சிரிப்பை நானே சிரிக்கக் கூசினேன். "விதவை மாதிரி பண்ணாத"ன்னு என் புருஷனே சொன்னார்!

உருத்தியாவின் ஆள் இந்த ஊருக்கு வந்து குரல் தேடினபோது நானே போனேன். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. சிரித்தேன். அந்த ஆள் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். எனக்காக ஒருத்தன் எழுந்து நின்றது என் வாழ்வில் அதுதான் முதல் தரம்.

இருபத்தேழாம் தேதி தாராளமாகச் சொல். நியேவெஸ் பர்ரகான் என்று முழுசாகச் சொல். எல்லா வாசலிலும் ஒட்டட்டும். ரொட்டி கொடுக்காவிட்டால் போகட்டும், மாவு பிசைய எனக்குத் தெரியும். பேருக்காகத்தானே நீங்கள் கொடி கட்டினீர்கள்? கருங்காலி என்றாவது என் பேர் எழுத்தில் வரட்டும். விதவையாகப் பேசினவள் யார் என்று ஊர் ஒரு தரம் படிக்கட்டும். கேட்கிறவர்களுக்கு மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் சுகத்தை விசாரிக்கவில்லை.

நியேவெஸ்

*

மெக்ஸிகோ நகரம்
1977 மே 28

அன்புத் தங்கை நியேவெஸுக்கு,

ஆண்டவன் அருளால் நான் நல்ல சுகம். இப்படி நிம்மதியாகத் தூங்கி மாதக்கணக்காயிற்று. நீயும் சானோ தம்பியும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று கமிட்டி நடந்தது. தோன் கசிமீரோ வீட்டில் நாற்காலி பற்றாமல் சன்னல் திண்டில்கூட ஆள். காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "சொல்லுங்க ஒப்தூலியா. விதவைக்குப் பேசினது யாரு?"

உன் பேர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லத்தான் போனேன். அப்போது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. அட, இவளுக்கு வேண்டியதே இதுதானே, நான் எதற்கு என் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"நான்தான்" என்றேன்.

கசிமீரோ பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"நான்தான்யா. இந்த வருஷத்துப் படச் சுருள் மொத்தமும் ஜனவரியிலேயே வந்துடுச்சு. என் பாகத்தை மட்டும் தனியா நின்னு பேசி முடிச்சுக் குடுத்துட்டேன். வெளிய மூச்சு விடாதீங்கன்னு முதலாளி கெஞ்சினாரு, அதான் இத்தனை நாள் வாயத் தொறக்கல. வேலைநிறுத்தத்துக்கு முன்ன பேசினா அது கருங்காலித்தனம் ஆகாதே?"

ஆகாது என்றார்கள். கொஞ்சம் திட்டினார்கள். பிறகு கசிமீரோவின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். "நான் முதல் நாளே சொல்லல? இந்தச் சிரிப்பு வேற யாருக்கு வரும்?"

உருத்தியாவுக்கும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஆமாம், ஒப்தூலியாதான் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு கருங்காலி குறைந்தால் லாபம்தானே.

ஆகவே உனக்கு ஒரு கெடுதலும் வராது. உன் பேர் எந்த வாசலிலும் இல்லை. ரொட்டிக்கடையில் புது ரொட்டியே கிடைக்கும். நீ மைக் முன்னால் நிற்கவே இல்லை நியேவெஸ். ஒருத்தனும் உனக்காக எழுந்து நிற்கவில்லை. கோயிலில் பாட்டுப் பாடினாய், அவ்வளவுதான்.

தங்கைக்கு அக்கா இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஒப்தூலியா

*

மான்டெர்ரே
1977 ஜூன் 24

ஒப்தூலியா,

வேலைநிறுத்தம் முடிந்ததாகவும், பெயர் போட ஒப்புக்கொண்டதாகவும் பத்திரிகையில் பார்த்தேன். உன் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறான். நன்றாக இருக்கிறாய்.

உன் கடிதம் வந்த மறுநாளே நான் இங்கே பதிவு நடந்த இடத்துக்குப் போனேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்தவன் வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்கள எனக்குத் தெரியாதும்மா" என்றான். வானொலி நிலையத்துக்குப் போனேன். விதவைக்குப் பேசினது நான்தான் என்றேன். வேண்டுமானால் கேளுங்கள் என்று சிரித்தும் காட்டினேன். அங்கே இருந்த பெண் கைதட்டினாள். "எவ்ளோ நல்லாப் பண்றீங்கம்மா! அச்சு அசல் ஒப்தூலியா அம்மாவேதான். போட்டிக்கு வாங்க, ஞாயித்துக்கிழமை மிமிக்ரி நிகழ்ச்சி இருக்கு."

வீட்டுக்கு வந்து மாவு பிசைந்தேன். வேறு என்ன செய்வது?

நீ நல்ல இடம் பார்த்துத்தான் அடித்திருக்கிறாய். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை விதவை சாகிறாள். அமெரிக்காவில் அந்த நடிகை தொடரை விட்டே போய்விட்டாளாம். அந்தச் சாவை மே மாதத்திலேயே நான் பேசி முடித்துவிட்டேன். அதில் சிரிப்பு இல்லை. சமையலறையில் நீ என்னிடம் எடுத்ததும் இல்லை, கடிதத்தில் நான் உன்னிடம் வாங்கினதும் இல்லை. முழுக்க நான்.

நீதான் பேசினாய் என்று சொல்லிவிட்டாயே. உட்கார்ந்து கேள்.

நியேவெஸ்

*

மெக்ஸிகோ நகரம்
1977 ஆகஸ்ட் 20

நியேவெஸுக்கு,

சுகம். இங்கே தினமும் சாயங்காலம் மழை. சானோ எப்படி இருக்கிறார்?

உன் கடிதம் வந்ததும் நான் உருத்தியாவிடம் போனேன். சாவுக் காட்சியை மறுபடி பேசித் தருகிறேன் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எதுக்கும்மா சிரமம்? ஜனவரியிலயே தனியா நின்னு பேசிக் குடுத்துட்டீங்களே" என்றார். அந்தப் பல்லை உடைக்க வேண்டும் போல இருந்தது. "ஆமா முதலாளி, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒளிபரப்பான அன்று எல்லாரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பெட்டிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தேன். கசிமீரோ குழந்தை மாதிரி அழுதார். முடிந்ததும் திரையில் பெயர் வந்தது. 'விதவை ஹார்லன்: ஒப்தூலியா பர்ரகான்.' நாங்கள் கொடி கட்டிச் சண்டை போட்டு வாங்கின பெயர், முதல் முதலாக வந்தது அன்றைக்குத்தான். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் சந்தையில் தக்காளிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினோரு வருசத்துல நீங்க இப்படி ஒரு நாளும் பேசினதே இல்லம்மா" என்றாள். பூக்காரி அதையே சொன்னாள். பாதிரியாரும் சொன்னார். எல்லாருக்கும் நன்றி சொன்னேன். நீ கெட்டிக்காரி. படுத்த இடத்தில் எல்லாம் அந்தக் கடைசி நாலு வரிதான் காதில் கேட்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. நின்றுகொண்டு பேசிப் பார்த்தேன், குனிந்து பேசிப் பார்த்தேன். எனக்குக் கோழிதான் கத்துகிறது.

ஏன் எழுதுகிறேன் என்றால், அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்திருக்கிறது. புதுப் படம். கதாநாயகி படம் முழுக்கச் சாகக் கிடக்கிறாள். "விதவையாகச் செத்தவள்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம்" என்று கேட்கிறார்களாம். செப்டம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, அவர்கள் முன்னால் நான் பேசிக் காட்ட வேண்டும். சங்கத்திலிருந்து பாதிப் பேர் கேட்க வருகிறார்கள்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. தேதியைச் சொல்லி வைத்தேன், அவ்வளவுதான். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மான்டெர்ரே
1977 செப்டம்பர் 3

ஒப்தூலியா,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பதிலை அன்றைக்கே எழுதிவிட்டேன். சானோ இரண்டு தரம் தபாலில் போட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். இன்றைக்குச் சனிக்கிழமை, தேதியை மாற்றி மறுபடி எழுதினேன். இன்று போட்டால் திங்கட்கிழமை முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும். எதற்கும் தபால்காரரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நீ கேட்காமல் கேட்டதைச் சொல்கிறேன். நான் நிற்கவில்லை. மைக்கைத் தரைக்கு இறக்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டேன். "படுத்துக்கிட்டா திரை தெரியாதேம்மா, வாயசைப்புக்கு என்ன பண்ணுவீங்க?" என்று பதறினான் அந்த ஆள். காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அவள் உதடு எனக்கு மனப்பாடமாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பேசினேன். நீங்கள் எல்லாரும் இத்தனை வருஷம் நின்றுகொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு செத்தீர்கள்.

அவ்வளவுதான் அக்கா. எவ்வளவு சுலபம் பார்.

திங்கட்கிழமை எப்படிப் போனது என்று எழுது. யார் யார் வந்திருந்தார்கள், உன் குரல் நின்றதும் யார் முதலில் எழுந்து வெளியே போனார்கள், ஒன்று விடாமல் எழுது. கெமோமில் குடி.

இங்கே எல்லாரும் நல்ல சுகம்.

நியேவெஸ் பர்ரகான்